முகவரியின் அடுக்குகள்: தந்திச் சொல்லிலிருந்து டாட் இன் வரை

இணைய முகவரி இடமிருந்து வலமாக எழுதப்படுகிறது. அப்படியே படித்தால் பாதிதான் விளங்கும். முதலில் எச்டிடிபிஎஸ் என்னும் நெறிமுறைப் பெயர் வரும். அதன்பின் ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்வுக்கோடுகள். அடுத்து, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட டொமைன் பெயர். அதைத் தொடர்ந்து ஒற்றைச் சாய்வுக்கோடுகளால் அடுக்கிய பாதை. சில வேளைகளில் கேள்விக்குறிக்குப் பின் ஒரு வினாப்பகுதியும், ஹேஷ் குறிக்குப் பின் ஒரு துண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பாகங்கள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை. ஒவ்வொன்றையும் வழங்குகிற அதிகாரமும் வேறு. வாங்குபவர் கடல் கடந்து இருக்க, சரக்கு மட்டும் ஊரில் உற்பத்தியாகிற ஆம்பூர் போன்ற ஏற்றுமதி ஊரின் அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால் இந்த அடுக்குகள் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. தான் எங்கே இருக்கிறது என்று தொலைவில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அந்த ஊருக்கு இணையத்துக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது.

1749-ல் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்ட போர்க்களமாக வரலாற்று நூல்களில் இடம்பெற்ற ஊர் ஆம்பூர். அதன் வணிக வரலாறு ரயிலோடு வேகம் பிடிக்கிறது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் தண்டவாளம் ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியாக மேற்குக் கடற்கரையை நோக்கி நீண்டது. பாலாற்றுத் தண்ணீர், ஆவாரம்பட்டை, கடுக்காய், சென்னைத் துறைமுகத்துக்கு நேரான ரயில் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் அமைந்ததால் ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை தோல் ஷாப்புகள் எனப்பட்ட பதனிடும் ஆலைகள் வரிசையாக எழுந்தன. பட்டையில் பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போயிற்று. உலகச் சந்தையில் அதற்கு ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று பெயர். ஊரின் பெயர் அந்தப் பெயரில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரக்குக்கு ஊர்ப்பெயர் ஒட்டாமல் போவது பின்னர் இணையத்திலும் நிகழ்ந்தது.

கடிதம் கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆன காலத்தில் விலை பேசுவதற்குத் தந்தி வந்தது. 1870-ல் பம்பாய்க்கும் இங்கிலாந்துக்கும் இடையே கடலடிக் கம்பி இணைந்தது. வெளிநாட்டுத் தந்தியில் முகவரிச் சொற்களுக்கும் காசு. கம்பெனியின் பெயர், தெரு, ஊர் என்று முழுதாக எழுதினால் செய்தியைவிட முகவரியே செலவு வைக்கும். இதற்கு மாற்றாகத் தந்தி அலுவலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி ஒரே ஒரு சொல்லைத் தனக்கெனப் பதிவு செய்துகொள்ளும் முறை உருவானது. அந்தச் சொல்லும் ஊர்ப்பெயரும் போதும், தந்தி உரியவரிடம் போய்ச் சேரும். பழைய வணிக லெட்டர்பேடுகளின் மூலையில் ‘கிராம்ஸ்’ என்று அச்சிட்டு அதன் எதிரே இருந்த சொல் இதுதான். இணைய முகவரியின் முன்னோடி எது என்று தேடினால், வீட்டு எண் போட்ட தபால் முகவரியைவிட இந்தத் தந்திச் சொல்தான் நெருங்கிய உறவு. சொல் சுருக்கமானது, ஒருவருக்கு ஒன்று, முதலில் பதிந்தவருக்கே சொந்தம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், எந்தச் சொல் எந்தக் கட்டடம் என்ற பதிவேடு பதிந்தவரிடம் இல்லை, அலுவலகத்தில் இருக்கும். இன்று டொமைன் பெயர் வாங்குபவர் ஏற்கும் நிபந்தனைகள் ஏறத்தாழ இவைதான். ஒரு வேறுபாடு மட்டும் பெரியது. தந்திச் சொல் ஓர் ஊருக்குள் மட்டுமே தனித்தது; அதே சொல்லை வேறு ஊரில் வேறொருவர் வைத்துக்கொள்ளலாம். அதனால் ஊர்ப்பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. கிராம்ஸ் வரி அதற்கு முன்பே லெட்டர்பேடுகளிலிருந்து மெல்ல மறைந்திருந்தது.

தந்திக்கும் இணையத்துக்கும் நடுவே டெலக்ஸ் வந்தது. ஏற்றுமதியாளருக்கு அது அருமையான கருவி: அனுப்பியது அச்சாகி இரு முனையிலும் சாட்சியாக இருக்கும். டெலக்ஸ் முகவரியில் ஓர் எண், பதில் தரும் இயந்திரம் தன்னை அடையாளம் காட்டுகிற ஒரு சொல், கடைசியில் நாட்டைக் குறிக்கும் எழுத்துகள் என மூன்று பாகங்கள். சென்னைக்கான டெலக்ஸ் குறி 041. இந்தியாவுக்கான எழுத்துகள் ‘ஐஎன்’. இணைய முகவரியின் கடைசியில் இன்று நிற்கிற ‘இன்’ அதே இரண்டு ரோமன் எழுத்துகள்தான். ஆனால் ஒன்று மற்றதிலிருந்து வரவில்லை.

தொலைபேசியில் அடுக்கு தலைகீழ். எஸ்.டி.டி. எண்ணில் பெரிய வட்டாரம் முதலில், சிறிய இணைப்பகம் பிறகு. சென்னைக்கு 044, வேலூருக்கு 0416, ஆம்பூருக்கு வாணியம்பாடியோடு சேர்த்து 04174. எண்ணைச் சுழற்றச் சுழற்ற இயந்திரம் இடமிருந்து ஒவ்வோர் இலக்கமாக வாங்கி அழைப்பைக் குறுக்கிக்கொண்டே போகும். அஞ்சல் உறையில் எழுதும் முறையோ இதற்கு நேர் எதிர்: ஆள், வீடு, தெரு, ஊர், மாவட்டம், மாநிலம், நாடு என்று சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறும். அஞ்சலகத்தில் பிரிப்பவர் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். இந்த இரண்டு வரிசைகளையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் இணைய முகவரி இரண்டையும் ஒரே வரியில் ஒட்டி வைத்திருக்கிறது.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல், பல மொழிகளில் எழுதிய உறைகள் என்ற குழப்பத்துக்கு ஆறு இலக்கம் விடையானது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட மண்டலம். முதல் மூன்றும் சேர்ந்தால் கடிதம் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். ஆம்பூருக்குக் கிடைத்தது 635802. வேலூர் நகரம் 632-ல் தொடங்க, ஆம்பூர் மட்டும் வாணியம்பாடி, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, ஓசூரோடு 635-ல் சேர்ந்தது. அப்போது வருவாய்த் துறைக் கணக்கில் ஆம்பூர், வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆர்க்காட்டு மாவட்டம். முகவரியின் அடுக்கு அரசாங்கத்தின் அடுக்காக இருக்க வேண்டியதில்லை. அதை இயக்குகிறவர்களின் வசதிப்படி அமையும். கடிதம் பிரிப்பவர்கள் போட்ட கோடு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது அரசு போட்ட கோட்டோடு ஆம்பூர் அளவில் ஒத்துப்போனது தற்செயலாகவும் இருக்கலாம்.

இணையத்தின் கதை அமெரிக்காவில் ஒரே ஒரு கோப்பிலிருந்து தொடங்குகிறது. ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த கணினிகளுக்கு எண்கள்தான் உண்மையான முகவரி. எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியலைக் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு பராமரித்தது. புதுக் கணினி சேர்ந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் பட்டியலைத் திருத்துவார்கள். மற்றவர்கள் நகல் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் டொமைன் பெயர் முறையை வடிவமைத்தார். ஒரே பதிவேடு பல பதிவேடுகளாகப் பிரிந்தது. உச்சியில் இருப்பவர் தமக்குக் கீழே யார் யார் என்று மட்டும் அறிவார். அதற்கும் கீழே உள்ளதை அடுத்தவர் பார்த்துக்கொள்வார். புள்ளி இருக்கும் இடங்கள் இப்படிப் பொறுப்பு கைமாறக்கூடிய இடங்கள். பெயர் அஞ்சல் உறையின் வரிசையில் எழுதப்பட்டது: சிறியது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பு மட்டும் சில காலம் இதைத் தலைகீழாக, நாட்டை முன்னால் வைத்து எழுதிவந்தது. பின்னர் உலக வழக்குக்கு மாறியது.

வலக்கோடியில் நிற்கும் உச்சநிலைப் பெயர்கள் இரண்டு வகை. காம், எடு, கவ், மில், ஆர்க், நெட் முதலியவை அமைப்பின் தன்மையைச் சொல்பவை. டாட் காமில் பதிவான முதல் பெயர் சிம்பாலிக்ஸ். 1985 மார்ச் 15. மற்றது நாட்டுக் குறி. எது நாடு, எது நாடு இல்லை என்ற சண்டைக்குள் இந்தப் பெயர்களை ஒதுக்கும் பொறுப்பில் இருந்த ஜான் போஸ்டெல் போக விரும்பவில்லை. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஏற்கெனவே வைத்திருந்த இரண்டெழுத்துப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். அதன்படி மலேசியாவின் குறி 1987-லும், சிங்கப்பூரின் குறி 1988-லும் பதிவாயின. இந்தியாவின் ‘இன்’ 1989 மே 8 அன்று வந்தது. இலங்கையின் ‘எல்கே’ 1990-ல். அப்போது இந்தியாவில் இணையம் என்றால் எர்நெட்: ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாய் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுவியல் துறை ஆகிய எட்டு முனைகள். தமிழ்நாட்டின் முனை சென்னை ஐ.ஐ.டி. அதன் பழைய முகவரி ‘ஐஐடிஎம்.எர்நெட்.இன்’. (இங்கே தமிழில் தரும் முகவரிகள் புழக்கத்தில் ரோமன் எழுத்தில் இருப்பவை.) ஐ.ஐ.டி. இருக்கும் கிண்டியிலிருந்து ஆம்பூர் 200 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் தோல் வியாபாரத்தைப் பொறுத்தவரை அந்த வலை வேறொரு கண்டத்தில் இருந்தது போலத்தான். வணிகத்துக்கு அதில் இடமில்லை.

டொமைன் பெயர் ஒரு கணினியின் வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே எந்த அறை, எந்த அலமாரி என்பதைச் சொல்லும் பாதி, ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வையவலையை உருவாக்கியபோது சேர்ந்தது. 1990-ன் இறுதியில் அவருடைய முதல் தளம் ‘இன்ஃபோ.செர்ன்.சிஎச்’ என்ற முகவரியில் இயங்கியது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்புறைகளைச் சாய்வுக்கோட்டால் பிரிக்கும் வழக்கத்தை அவர் பாதைக்கு எடுத்துக்கொண்டார். இங்கே வரிசை எஸ்.டி.டி. எண்ணைப் போன்றது: பெரிய கோப்புறை இடப்பக்கம், சிறிய கோப்பு வலப்பக்கம். ஆக ஒரே முகவரியில் முதல் பாதி வலமிருந்து இடமாகவும், பிற்பாதி இடமிருந்து வலமாகவும் குறுகுகிறது. முதல் ஒற்றைச் சாய்வுக்கோடுதான் திருப்பம். இந்தக் கோணலைப் படைத்தவரே பின்னர் குறைபட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் பெரியதிலிருந்து சிறியதாக ஒரே வரிசையில் எழுதியிருக்கலாம் என்பது அவர் எண்ணம். இரட்டைச் சாய்வுக்கோடு அப்போலோ நிறுவனத்தின் பணிநிலையக் கணினிகளிலிருந்து வந்த வழக்கம். அது தேவையே இல்லை என்று 2009-ல் அவர் ஒப்புக்கொண்டார். அதற்குள் உலகம் முழுதும் அச்சிட்ட விசிட்டிங் கார்டுகளின் எண்ணிக்கையை நினைத்துப் பார்த்தால், திருத்துவதற்குக் காலம் கடந்திருந்தது. இந்த இலக்கணம் 1994 டிசம்பரில் முறையான ஆவணமாக வெளியாயிற்று.

இந்தியாவில் பொதுமக்களுக்கும் நிறுவனங்களுக்கும் இணையத்தைத் திறந்தது அரசின் வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல்.; நாள் 1995 ஆகஸ்ட் 15. முதலில் திறந்த நகரங்களில் சென்னையும் ஒன்று. முனை இல்லாத ஊர்க்காரர்கள் எஸ்.டி.டி. கட்டணத்தில் தொலைநகரத்து எண்ணுக்கு அழைத்து இணைய வேண்டியிருந்தது. தோல் ஏற்றுமதியாளர்களுக்குப் பெரியமேட்டிலோ சென்னையின் வேறு பகுதியிலோ அலுவலகம் இருப்பது பழைய வழக்கம் என்பதால் முதல் மின்னஞ்சல் முகவரிகளும் சென்னைக் கணக்காகவே அமைந்தன. அந்தக் காலத்து வணிக அட்டைகளில் ‘ஜிஐஏஎஸ்எம்டி01.விஎஸ்என்எல்.நெட்.இன்’ என்ற நீளமான வால் அடிக்கடி தென்படும். ஒவ்வொரு பாகத்துக்கும் பொருள் உண்டு. ஜிஐஏஎஸ் என்பது அந்தச் சேவையின் பெயர்ச் சுருக்கம், எம்டி மெட்ராஸ், 01 அங்கிருந்த கணினியின் வரிசை எண். பிறகு நிறுவனம், வலையமைப்பு வகை, நாடு. 1996-ல் நகரத்தின் பெயர் சென்னை என்று மாறியது. முகவரியில் மெட்ராஸ் அப்படியே தங்கிவிட்டது. பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் அட்டையில் ஏறிவிட்ட இரண்டு எழுத்தை மாற்றுவது அரசாணையால் முடிகிற காரியமில்லை.

இப்படிப்பட்ட முகவரி இரவல் முகவரி. வி.எஸ்.என்.எல்.லை 2002-ல் டாட்டா குழுமம் வாங்கியது. 2008-ல் நிறுவனத்தின் பெயரும் மாறியது. பிறர் பெயரின் கீழ் வாழ்ந்த முகவரிகள் அந்தப் பெயரின் தலைவிதியோடு கட்டுண்டவை. சொந்த டொமைன் வைத்திருந்தவர் சேவை நிறுவனத்தை மாற்றினாலும் முகவரியை இழக்க வேண்டியதில்லை. எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். பெயரும் எண்ணும் தனித்தனியாக இருப்பதன் பயன் அதுதான்.

சொந்தப் பெயர் வாங்க முனைந்தவர்கள் டாட் காமை நோக்கிப் போனதற்குக் காரணம் வெறும் மோகம் இல்லை. 1995 செப்டம்பர் முதல் டாட் காம் பெயரை இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் கட்டி யாரும் வாங்க முடிந்தது. வாங்குபவர் யார் என்று கேள்வி இல்லை. டாட் இன் பதிவோ பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் கையில் இருந்தது. நேரடியாக ‘இன்’னுக்கு அடியில் பெயர் கிடையாது, கம்பெனி என்றால் ‘கோ.இன்’, கல்வி நிலையம் என்றால் ‘ஏசி.இன்’, ஆய்வு நிறுவனம் என்றால் ‘ரெஸ்.இன்’. அந்த வகைக்குள் வருகிறோம் என்று காகிதம் காட்ட வேண்டியிருந்தது. 2005-ன் தொடக்கத்தில் நிக்ஸி என்ற அமைப்பின் கீழ் பதிவு திறந்துவிடப்படும் வரை நாடு முழுதும் சுமார் 7,000 பெயர்களே பதிவாகியிருந்தன. அதற்குள் ஆம்பூர், வாணியம்பாடி ஏற்றுமதியாளர்கள் காலணிக் கண்காட்சிகளில் காம் முகவரி அச்சிட்ட அட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். பழைய கட்டுப்பாட்டைக் குறை சொல்வது எளிது. அதற்கு ஒரு நன்மையும் இருந்தது. ‘ரெஸ்.இன்’ என்று முடிந்தால் ஆய்வு நிறுவனம்தான் என்று நம்பலாம். 1948-ல் சென்னையில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ‘சிஎல்ஆர்ஐ.ரெஸ்.இன்’ முகவரியில் எழுதினால், அந்த வால் ஒரு முத்திரை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ‘சிஎம்சிவேலூர்.ஏசி.இன்’ என்பதிலும் அப்படியே. அதில் ஊர்ப்பெயரும் கூடுதலாக இருக்கிறது.

தோல் கம்பெனிகளின் காம் முகவரிகளில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் இல்லை. தந்திக்கு ஊர் கட்டாயம், டெலக்ஸுக்கு நகரக் குறி கட்டாயம், பின்கோடு முழுக்க இடத்தையே சொல்வது. காம் பெயர் உலகம் முழுதும் ஒன்றே ஒன்று என்பதால் இடத்தைச் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போனது. ஷூவின் உள்ளே ஐரோப்பிய பிராண்டின் முத்திரை, முகவரியில் நிறுவனரின் பெயரோ புனைந்த சொல்லோ; ஆம்பூர் இரண்டிலும் இல்லை. ஊர்ப்பெயரை வெளியூர்ப் பலகைகளில் ஏற்றிய புண்ணியம் ஆம்பூர் பிரியாணிக் கடைகளைச் சேரும்.

உலகம் முழுதும் ஒன்றே ஒன்று என்ற விதி வழக்குகளையும் கொண்டுவந்தது. இந்தியாவில் இதில் முன்னோடித் தீர்ப்பு ஒரு சென்னை நிறுவனத்தைப் பற்றியது. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரின் எழுத்துகளிலிருந்து ‘சிஃபி’ என்ற சொல்லை உருவாக்கி 1999-ல் டொமைன்களாகப் பதிந்தது. பின்னர் இன்னொரு நிறுவனம் ஒலியில் அதையொட்டிய பெயரில் டொமைன் பதிந்தது. டொமைன் பெயர் வெறும் முகவரிதானா, வணிகச் சின்னம் போலப் பாதுகாக்கத்தக்கதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004 மே மாதம் நீதிமன்றம் இரண்டாவதை ஏற்றது. மார்க்காவின் மீது நம்பிக்கை வைத்துப் பேல் பேலாகத் தோல் வாங்கிய சந்தைக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல.

அரசு முகவரிகள் வேறு பாதையில் போயின. 1976-ல் தொடங்கிய தேசியத் தகவல் மையத்தின் ‘என்ஐசி.இன்’ மாவட்டங்களுக்குக் குடையாக நின்றது. மாநில அரசுக்கு ‘டிஎன்.கவ்.இன்’. 2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் தனி மாவட்டங்களாகச் செயல்படத் தொடங்கின. ஆம்பூர் அதுவரை சேர்ந்திருந்த ‘வேலூர்.என்ஐசி.இன்’ முகவரியை விட்டு ‘திருப்பத்தூர்.என்ஐசி.இன்’ முகவரிக்கு வந்தது. பின்கோடு மாறவில்லை, எஸ்.டி.டி. எண் மாறவில்லை, டொமைன் மட்டும் மாறியது. திருப்பத்தூர் என்ற பெயரில் சிவகங்கை மாவட்டத்திலும் ஓர் ஊர் உண்டு. அஞ்சல் உறையில் மாவட்டப் பெயரோ பின்கோடோ அந்தச் சிக்கலைத் தீர்க்கும். டொமைன் முறையில் ஒரே குடையின் கீழ் ஒரு பெயர் ஒருவருக்குத்தான், அதுவும் குறிப்பிட்ட ரோமன் எழுத்துக்கூட்டலில்தான். ரயில்வே ஒரு விதமாகவும் வருவாய்த் துறை வேறு விதமாகவும் எழுதும் ஊர்ப்பெயரை, எழுத்து பிசகினாலும் தபால்காரர் புரிந்துகொள்வார். டொமைன் பதிவேடு புரிந்துகொள்ளாது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டது. வேலூருக்கும் புதிய கூட்டல் வந்தது. கேலியும் எதிர்ப்பும் எழ, சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. நிலைத்திருந்தால் எத்தனை அரசு முகவரிகளைத் திருத்த வேண்டியிருந்திருக்கும் என்பது தனிக் கணக்கு.

நகராட்சிகளுக்கு அரசு தனித்தனி டொமைன் வாங்கவில்லை. ‘டிஎன்அர்பன்ட்ரீ.டிஎன்.கவ்.இன்’ என்ற ஒரே பெயரின் கீழ், சாய்வுக்கோட்டுக்குப் பின் ஊர்ப்பெயரை வைத்தது. அங்கே ஆம்பூர் டொமைனில் இல்லை, பாதையில் இருக்கிறது. வேறுபாடு சிறியதல்ல. டொமைனில் ஒரு பாகமாக இருந்தால் அந்தப் பெயரைத் தனியாக ஒருவரிடம் ஒப்படைக்கலாம், தனிக் கணினிக்குத் திருப்பலாம். பாதையில் இருப்பது வீட்டுக்காரரின் அறை மட்டுமே. அறையின் பெயரை வீட்டுக்காரர் நினைத்தபோது மாற்றுவார். பழைய அரசு இணைப்புகள் பல இன்று திறக்காமல் போவதற்கு ஒரு காரணம் பாதைகளை இப்படி மாற்றி அடுக்கியது.

பாதைக்குப் பின்னால் வருபவை சுருக்கமாகச் சொல்லத்தக்கவை. கேள்விக்குறிக்குப் பின் வரும் வினாப்பகுதி, சர்வரிடம் கேட்கும் குறிப்பான கேள்வி: எந்த நிறம், எந்த அளவு, எந்த ஆர்ட்டிக்கிள் எண். இரண்டு கேள்விகளை இணைக்க ஆம்பர்சாண்ட் குறி. ஹேஷ் குறிக்குப் பின் வரும் துண்டு சர்வருக்குப் போவதே இல்லை; பக்கத்தின் எந்த இடத்துக்கு இறங்க வேண்டும் என்று உலாவி தனக்குள் வைத்துக்கொள்ளும் குறிப்பு. டொமைனுக்குப் பின் முக்காற்புள்ளியோடு அரிதாக வரும் எண் போர்ட் எண். எச்டிடிபிக்கு 80, எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443 என்பது வழக்கம் என்பதால் எழுதுவதில்லை. அந்தக் கடைசி ‘எஸ்’ 1994 வாக்கில் நெட்ஸ்கேப் நிறுவனம் கொண்டுவந்த மறையாக்கத்தின் அடையாளம். 2018 ஜூலையில் குரோம் உலாவி, ‘எஸ்’ இல்லாத எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றவை என்று குறிக்கத் தொடங்கியபோது சிறு நிறுவனங்களும் மாறின. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே அது உறுதி. எதிர்முனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு இல்லை.

முகவரிக்குள் தமிழ் எழுத்து நுழைந்ததும் ஒரு வரலாறு. டொமைன் முறை ரோமன் எழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றை மட்டுமே அறியும். வேற்று எழுத்துகளை அந்தச் சிறு தொகுப்புக்குள் பொதிந்து அனுப்பும் பியூனிகோட் என்ற முறை 2003-ல் வகுக்கப்பட்டது. 2007 அக்டோபரில் டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு பதினொரு சோதனைப் பெயர்களை உலகின் உச்சிப் பதிவேட்டில் ஏற்றியபோது தமிழும் அவற்றில் ஒன்று, ‘உதாரணம்.பரிட்சை’ என்ற முகவரி உலகெங்கும் திறந்தது. பின்னர் 2010-ல் ‘.இலங்கை’, 2011-ல் ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ ஆகியவை நிரந்தரமாக இடம்பெற்றன. உலாவியில் தமிழாகத் தெரியும் பெயர் கம்பியில் ரோமன் எழுத்தாகவே ஓடுகிறது. பாதையில் தமிழ் எழுதினால் வேறு விதமான மாற்றம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஆம்பூர்க் கட்டுரையின் முகவரியை எடுத்தால், ‘டிஏ’ என்பது தமிழ் மொழிக்கான சர்வதேசக் குறி. பிறகு விக்கிப்பீடியா, ஆர்க். சாய்வுக்கோட்டுக்குப் பின் ஆம்பூர் என்ற சொல். யூனிகோட் கணக்கில் அந்தச் சொல் ஏழு குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்து. வாட்ஸாப்பில் ஒட்டும்போது நான்கு எழுத்து ஊர்ப்பெயர் 63 எழுத்துச் சங்கிலியாக நீண்டு நிற்பதற்கு இதுதான் காரணம்.

அடுக்குகளின் வரிசையை அறிந்தால் ஏமாற்று முகவரிகளைப் பிரித்தறிவது கடினமில்லை. முதல் ஒற்றைச் சாய்வுக்கோட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். அங்கே ஒட்டி நிற்கும் இரண்டு அல்லது மூன்று பாகங்கள்தான் உரிமையாளரைச் சொல்பவை. அதற்கும் இடப்பக்கத்தில் வங்கியின் பெயரையோ ‘கவ்.இன்’ என்பதையோ யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம், பாதையிலும் அப்படியே. தள்ளுபடிக் கடிதம், ஜிஎஸ்டி திருப்பித் தரல், சுங்கத் துறை அறிவிப்பு என்று ஏற்றுமதியாளருக்கு வரும் போலி இணைப்புகள் பலவும், மனிதர் இடமிருந்து படிக்கும் பழக்கத்தை நம்பியே எழுதப்படுகின்றன. 2005-ல் தளர்த்திய பிடியை வங்கித் துறையில் மட்டும் மறுபடி இறுக்கும் முயற்சி 2025-ல் நடந்தது. இந்திய ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு பிப்ரவரியில் ‘பேங்க்.இன்’ என்ற தனிக் குடையை அறிவித்து, வங்கிகள் அக்டோபர் 31-க்குள் அதற்கு மாற வேண்டும் என்றது. பதிவு செய்யும் அதிகாரம் ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்ற ஒரே நிறுவனத்திடம் தரப்பட்டது. வங்கி அல்லாதவர் அந்தக் குடையின் கீழ் பெயர் வாங்க முடியாது.